வால்வுப் பெட்டியை நான் ஏன் கொடுத்தனுப்பவில்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்தாள். பாகான் செராயில் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஈப்போவில் நிறுத்தி, அப்பா செய்த வால்வுப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும்படி நீ சொல்லியிருந்தாய். கல்யாணத்துக்குப் பிறகு குடியேறப்போகும் வீட்டின் முன்னறையில் அதை வைப்பதற்காக ஒரு பலகையே அடித்துவிட்டாயாம். அவளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். ஒரு டின் முறுக்கு கட்டிக் கொடுத்தேன். பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. "இன்னும் தூசி தட்டலம்மா, அடுத்த தடவ எடுத்துக்கலாம்" என்றேன். அது பொய். ஆறு வருஷமாக வாரம் ஒரு முறை அதைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் உடனே கிளம்பவில்லை. என்னோடு நின்று தட்டுகளைக் கழுவினாள். பிறகு, "அத்தை, ஒன்னு கேக்கலாமா? தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள். கேள் என்றேன். "இவருக்கு ஏன் கோவமே வர மாட்டேங்குது? மண்டபம் விஷயத்துல எங்க அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசிட்டான். இவரு ஒரு வார்த்த பேசல. எழுந்து போயி கார்ல உக்காந்துட்டாரு. நான் போயி பாத்தா கை ரெண்டும் நடுங்குது. அழுத்திக் கேட்டப்பதான் சொன்னாரு. 'நான் ஒரு தடவ வாயத் தொறந்து கத்தினேன், எங்கப்பா செத்துட்டாரு'ன்னு." என் கையில் தட்டு இருந்தது. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் இன்னும் ஏதாவது வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழாயைத் திறந்து அடுத்த தட்டைக் கழுவ ஆரம்பித்தேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதிப் பழகிய கைதான் என்றாலும் இதை எழுத உட்காரவே நான்கு நாள் ஆகிவிட்டது. அடுத்த தடவை ஸ்டெல்லா வரும்போது உறையை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுப்பேன். ஸ்டெல்லா படிக்கலாம், அவள் அண்ணனும் படிக்கலாம். யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தாய் புத்திமதி எழுதுவாள். என்னிடம் இருக்கும் புத்திமதி எல்லாம் நான் செய்த ஒரு காரியத்திலிருந்து வந்தது. முதலில் அந்தக் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி எப்படி உருவானது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ படிக்க என்று காம்பாருக்குப் போயிருந்தாய், மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவாய். அப்பாவுக்கு இதயத்தில் குழாய் வைத்து, நகராண்மையில் தெருவிளக்கு வயர்மேன் வேலையிலிருந்து அனுப்பிவிட்ட காலம் அது. முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவர், திடீரென்று காலை முதல் மாலை வரை வீட்டில். சிறு வயதில் ரேடியோ கடையில் வேலை செய்த பழக்கத்தில், பழைய ஆம்ப்ளிஃபயர்களை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி பல்பு போல உள்ளே சிவப்பாக எரியுமே, அந்த வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்கள். அதன் பாட்டுச் சத்தத்துக்குப் பைத்தியமாக இருப்பவர்கள் ஈப்போவில் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் லியோங். கோப்பெங்கில் எங்கள் தோட்டத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த சீனக் குடும்பம். ரப்பர் பால் வெட்டும் சனங்களோடு வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். பழைய கடைகளில் வால்வுகளைப் பை பையாக வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் கொட்டுவார். எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சோதிக்கும் கருவி இப்போது எங்கும் எளிதில் கிடைக்காது. "நாமே ஒன்னு செஞ்சுடுவோம்" என்றார் அப்பா.

அந்த "நாம்" என்ற சொல்லைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. எங்களுக்குள் அப்போது பேச்சு அவ்வளவாக இல்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. நான் ஷிப்ட் வேலை, அவர் கம்பத்து வேலை, நடுவில் நீ. இருபது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. நீயும் போன பிறகு வீட்டில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. மருந்தாலா, பயத்தாலா தெரியாது. ஈயம் வைத்துப் பற்றவைக்க அவரால் முடியவில்லை. பதினெட்டு வயதில் தோட்டத்தை விட்டு வந்து எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதானே வேலை. என் சால்டரிங்கில் குறை சொல்லி ஒரு பலகைகூடத் திரும்பி வந்ததில்லை என்று மேற்பார்வையாளர் எல்லாரிடமும் சொல்லுவாள். அதனால் அவர் வரைந்தார், நான் பற்றவைத்தேன்.

மூன்று மாதம் சமையலறை மேசையில்தான் வேலை. மெங்லெம்புவில் ஒரு பட்டறையில் அலுமினியத் தகட்டை மடக்கி வாங்கி வந்தோம். செத்துப்போன ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர். லியோங் கொடுத்த பழைய மீட்டர், பெரிய முள் வைத்தது. வால்வுகளின் கால்களுக்குத் தக்கபடி மேலே நான்கு சாக்கெட். வால்வைச் சொருகி, சூடேற்றி, அதற்கு முந்நூறு வோல்ட் கொடுத்து, உள்ளே இருக்கும் கம்பிவலைக்குப் போகும் மின்சாரத்தை ஒரே ஒரு வோல்ட் மாற்றினால், முள் எவ்வளவு நகருகிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக நகர்ந்தால் வால்வு நல்லது. சோம்பேறியாக நின்றால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். முதல் வால்வைச் சொருகி முள் நகர்ந்த அன்று, அப்பா என் தோளில் கை வைத்தார். கல்யாணமான புதிதில் வைத்தது, அப்புறம் அன்றைக்குத்தான். இதை உன்னிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தோம் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. அந்தப் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்று கட்டைவிரல் பருமனுக்கு ஒரு டப்பா இருக்கிறது. மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. சுவிட்சை அணைத்த பிறகும் பிடித்து வைத்திருக்கும். மேலே சிவப்பு விளக்கு அணைந்துவிடும், பார்ப்பவர்களுக்குப் பெட்டி செத்துவிட்டது போலத் தெரியும், உள்ளே முந்நூறு வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வடியவிடுவதற்காக அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைப்பார்கள். அது இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் வடிந்துவிடும். அதனால் அப்பா ஒரு விதி வைத்திருந்தார். அணைத்ததும் ஒன்றிலிருந்து அறுபது வரை வாய்விட்டு எண்ணுவார். எண்ணி முடிக்காமல் உள்ளே விரலை விட மாட்டார். கம்பத்தில் ஏறிய காலத்துப் பழக்கம். நான் மேசைக்கு வந்தால் என்னையும் எண்ணச் சொல்லுவார்.

அந்த ரெசிஸ்டர் நாங்கள் போட்டது சின்னது. பெட்டி அரைமணி நேரம் ஓடினால் சூடாகி வாடை வரும். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அது கருகிப் பழுப்பாகியிருந்தது. அப்பா அப்போது வீட்டில் இல்லை, கோப்பெங்கில் லியோங் வீட்டுக்குப் போயிருந்தார். பெரியதாக ஒன்று வாங்கிப் போடலாம் என்று அதை உருவி எடுத்துவிட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டவுனில் கடைக்குப் போனேன். கடையில் இல்லை, திங்கட்கிழமை வரும் என்றார்கள். சரி, அதுவரை பெட்டியைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக அதை நினைத்துக்கொண்டுதான் கேட்டைத் திறந்தேன்.

அப்பா வாசலில் ஒரு கடித உறையோடு நின்றார். நீ இரண்டு பருவமாகப் பரீட்சை எழுதவில்லை என்று காம்பார் கல்லூரியிலிருந்து வந்த கடிதம். நீ படிப்பை விட்டுவிட்டு கோலாலம்பூரில் ஹோட்டல் சமையலறையில் சேர்ந்துவிட்டாய் என்பது எனக்கு நான்கு மாதமாகத் தெரியும். நீ என்னிடம் சொல்லி அழுதாய், அப்பாவிடம் சொல்லாதே என்றாய், நானும் சொல்லவில்லை. நீ கேட்டது தப்பில்லை, இருபத்தோரு வயதுப் பையன் அப்படித்தான் கேட்பான். ஆனால் நான் ஒத்துக்கொண்டது தப்பு. ஒரே மேசையில் மூன்று மாதம் எதிரெதிரே உட்கார்ந்து வயர் பிடித்துக் கொடுத்தவரிடம், "தம்பி எப்படிப் படிக்கிறான்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உனக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"எத்தன மாசமா?"

"நாலு மாசமா. சொன்னா ஒங்க ஒடம்பு தாங்காதுன்னுதான்..."

"நான் என்ன பீங்கான் கிண்ணமா, கீழ விழுந்தா ஒடையறதுக்கு? ஒரே வீட்ல இருந்துகிட்டு, பக்கத்துல ஒக்காந்துகிட்டு..." அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே எங்கிட்ட ஒன்னும் சொல்ல வேணாம். எதுவுமே சொல்ல வேணாம்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அன்று ராத்திரி அவர் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். நான் சமையலறையில் சாப்பிட்டேன். எனக்கும் கோபம் இருந்தது, தம்பி. மகன் உங்களிடம் வராமல் என்னிடம் ஏன் வந்தான் என்று நீங்கள் ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா என்று அவரை மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வேணாம் என்றாரே, சரி, சொல்லவில்லை என்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ரெசிஸ்டர் நினைவுக்கு வந்ததா? வந்தது. படுக்கப் போகும்போது ஒரு தடவை வந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். நான் பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை சன்னல் திறந்திருந்தது. அப்பா உனக்குப் போன் அடித்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார், அதனால் நீ பேசியதும் எனக்குக் கேட்டது. அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்பதெல்லாம் உனக்கே தெரியும். நீ கடைசியாகச் சொன்னதை நானும் மறக்கவில்லை. "எல்லாரையும் அந்தப் பொட்டியில சொருகி முள்ளு ஏறுதான்னு பாக்காதீங்கப்பா! நான் ஒன்னும் ஒங்க வால்வு இல்ல! இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க!" அப்புறம் நீ வைத்துவிட்டாய்.

உனக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு அரைமணி நேரம் இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் ஆறு வருஷமாக உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்.

நீ போனை வைத்த பிறகு உன் அப்பா விழுந்துவிடவில்லை. மார்பைப் பிடிக்கவில்லை. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார், குவளையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மூக்கைச் சிந்தினார். அழுதிருக்கலாம், அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். மனசு சரியில்லை என்றால் அவர் அங்கேதான் உட்காருவார். லியோங் கொடுத்த பையிலிருந்து வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் கண்ணாடிச் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு வாளித் துணி இருந்தது. நான் ஒரு வாளியை முடித்துவிட்டு அடுத்ததை அலசப் போனேன். திரும்பி வந்தபோது அவர் தனக்குத் தானே, "இந்தச் சாக்கெட்டு புடிக்க மாட்டேங்குது" என்று சொன்னது கேட்டது. கோபக் குரல் இல்லை. வேலை செய்கிறவனின் குரல். வால்வைக் கழற்றி மேசையில் வைத்தார். சுவிட்ச் கிளிக் என்றது. எண்ண ஆரம்பித்தார்.

வால்வு சொருகியிருந்தால், அது குளிர்வதற்குள் உள்ளே இருந்த மின்சாரத்தை எல்லாம் அதுவே குடித்து முடித்திருக்கும். அன்றைக்கு அவர் அதை முதலில் கழற்றிவிட்டார். ரெசிஸ்டரை நான் கழற்றியிருந்தேன். வடிவதற்கு வழியே இல்லை.

அவர் குரல் நடுங்காமல் நிதானமாக எண்ணினார். நான் கொடியில் அவருடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டியிருக்கும், நாற்பத்தொன்றோ நாற்பத்திரண்டோ, அப்போது எனக்குச் சுரீர் என்று உறைத்தது. ரெசிஸ்டர் இல்லையே. சன்னல் என்னிடமிருந்து ஆறடி. "தொடாதீங்க" என்று ஒரு சொல் போதும். என் வாய் திறந்துகூட விட்டது. ஆனால் அந்த நேரத்தில் என் மனசு வேறு கணக்குப் போட்டது. சாக்கெட்டை மேலேயிருந்து ஆட்டிப் பார்ப்பார், உள்ளே கையை விட மாட்டார் என்று சொல்லிக்கொண்டேன். அதைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இப்போது நான் பேசினால், நான்தான் முதலில் பேசியதாக ஆகும். ஒன்றும் சொல்ல வேணாம் என்றவரிடம் நானாகப் போய்ப் பேச வேண்டுமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சட்டைக்குக் கிளிப் மாட்டினேன். ஒன்று தோளில், இன்னொன்று மறு தோளில். அவர் அறுபது என்றார்.

ஒரு கையால் அலுமினியப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் சாக்கெட்டின் அடிக்காலை நெருக்கியிருக்கிறார். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், கண் திறந்திருந்தது. வலது கை மோதிர விரல் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தம்பி, அந்த நேரத்தில் நான் செய்த முதல் காரியம் அவரைத் தூக்கியது இல்லை. சாய்ந்திருந்த பெட்டியை நிமிர்த்தி, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். இரண்டு மூன்று வினாடிதான் இருக்கும். ஆனாலும் அந்த வரிசைதான் உண்மை.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருத்தி அவருடைய பழைய கார்டைப் பார்த்துவிட்டு, இதய நோயாளியா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். விழும்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில்தான் உன்மேல் விழுந்தது. மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், கொஞ்சம் வாக்குவாதம் ஆகிவிட்டது என்றேன். அவள் வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். அவர் கையை நான் என் இரண்டு கைக்குள்ளும் மூடிப் பிடித்திருந்தேன். விரலை யாரும் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெண்டாட்டி சொன்னதை நம்பினார்கள். அதே வார்த்தையை வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னேன், பஸ்ஸில் வந்து இறங்கிய உன்னிடமும் சொன்னேன். "ஒங்கிட்ட பேசிட்டு இருந்தாருப்பா, அப்படியே..." என்று உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்றாய். "அப்படிச் சொல்லாதடா" என்றேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான், அவ்வளவு மட்டும்தான் சொன்னேன்.

சாம்பலைக் கரைக்க நீங்கள் லுமுட் கடற்கரைக்குக் காரில் போனீர்கள். பெண்கள் வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் நான் மட்டும். அந்த நான்கு மணி நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்து, வீட்டில் கிடந்த, பழைய அளவிலேயே சின்னதான ஒரு ரெசிஸ்டரை எடுத்து, இருந்த இடத்திலேயே பற்றவைத்தேன். நீ கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருப்பாய், நான் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தேன். கை நடுங்கவே இல்லை. ரொம்ப நல்ல சால்டரிங், பளபளவென்று.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லியோங் வந்திருந்தார். எல்லாரும் போன பிறகு அவருடைய வால்வுகளை எடுத்துக்கொடுத்தேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கவிழ்த்துப் பார்த்தார். மூன்று மாதத்தில் மற்ற எல்லா இணைப்புகளும் மங்கிப்போயிருந்தன. ஒன்று மட்டும் வெள்ளிபோல இருந்தது.

"இது புதுசா மாத்துனீங்களாம்மா?" என்றார்.

"ம்."

"எப்ப?"

நான் வால்வுப் பையின் வாயைக் கட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அவன் ரொம்ப அழுவுறான்லா" என்றார். பெட்டியை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். வால்வுப் பையை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. பசாரில் என்னைப் பார்த்தால் நின்று, நலம் விசாரிக்காமல், "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். இரண்டு வருஷம் கேட்டார். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஜெயிலுக்குப் பயந்தேன் என்று முதல் வருஷம் நினைத்துக்கொண்டேன். அது இல்லை. நீ ஒருவன்தான் எனக்கு மிச்சம். உன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ பாவத்தைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்துகொண்டாவது இருப்பாய், உண்மை தெரிந்தால் வராமலே போய்விடுவாய் என்று தோன்றியது. தீபாவளிக்கு வந்து அப்பா படத்துக்கு முன்னால் நீ தலைகுனிந்து நிற்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அடுப்படியிலிருந்து இரண்டடி எடுத்து வைப்பேன். நீ திரும்பி, "பசிக்குதும்மா" என்பாய். நான் சோறு போடப் போய்விடுவேன். உனக்கு ஆறு வருஷம் சோறு போட்டிருக்கிறேன், இதை மட்டும் சொல்லவில்லை.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். ஸ்டெல்லா நல்ல பெண். அவள் வீட்டில் சர்ச்சுக்குப் போவார்கள், நாம் கோயிலுக்குப் போவோம், அதெல்லாம் உங்களுக்கு ஒரு பிரச்சினையாக இருக்காது. அவளோடு பேசாமல் இருக்கும் நாட்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். சண்டை போட்டால் போடு. ஆனால் மனஸ்தாபத்தில் இருக்கும்போதும் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடு. கேஸ் கசிகிறது, பிரேக் பிடிக்கவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து தீர்ந்துவிட்டது, இதையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லிவிடு. உன்னிடம் யாராவது "அவளிடம் சொல்லாதே" என்று ரகசியம் கொடுத்தால் வாங்காதே, உன் பிள்ளை கொடுத்தாலும் வாங்காதே. நான் வாங்கினேன்.

முந்தாநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் முறைப்படி எங்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தமிழ் சார்ஜன்ட் ஒருவர், உன்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, சட்டைக் கிளிப் வரைக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அம்மா, டாக்டர் ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்தாச்சு. ஆறு வருசம் ஆச்சு. ஒடம்பையும் எரிச்சாச்சு. இப்ப நான் என்னன்னு எழுதுறது?"

"நான் சொன்னத அப்படியே எழுதிக்கோங்க தம்பி."

"மறந்து போயிட்டீங்க, அவ்ளோதானே. வேணும்னேவா செஞ்சீங்க? வீட்டுக்குப் போங்கம்மா. கோயில்ல ஒரு அர்ச்சன பண்ணுங்க, மனசு லேசாயிடும்லா."

"மறக்கலங்க. நாப்பத்திரெண்டுல ஞாபகம் வந்துச்சு" என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. வாசல் வரை கூட வந்து, கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார். வெயிலில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அர்ச்சனைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியின் பிளக் வயரைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினேன். பிறகு இந்தக் காகிதத்தை எடுத்தேன். அவர் எழுத மறுத்ததை நான் எழுதிவிட்டேன்.

பெட்டி இங்கேதான் இருக்கிறது. அடிமூடியைக் கழற்றியே வைத்திருக்கிறேன், வந்தால் நீயே கவிழ்த்துப் பார்க்கலாம். அது உனக்கு வேண்டுமா, ஆற்றில் போடுவதா என்பதை நீ முடிவு செய். கல்யாணத்தில் நான் மேடைக்கு வரலாமா, கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி நாற்காலியில் உட்காருவதா, வராமலே இருப்பதா, அதையும் நீதான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஆனால் எனக்கு எழுதி அனுப்பாதே. நேரில் வா. காரில் போய் உட்கார்ந்துகொள்ளாதே, கையை நடுங்கவிடாதே. வாசலில் நின்றே ஆரம்பி, தெருவே கேட்கட்டும். உனக்கு வாயில் என்னென்ன வருகிறதோ அத்தனையும் சொல்லி என்னைத் திட்டு. நீ கத்துவதால் யாரும் சாவதில்லை, தம்பி. நான் நின்று கேட்பேன், நீ கத்தி முடித்த பிறகும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

அம்மா